ஆறு உயிர் அனுபவம்

வாயுவேகா மோட்டார் சர்வீஸில் பதவி உயர்வு வேண்டுமென்றால் யாரையாவது இடிக்க வேண்டும். இதை எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சோளம் விற்கிறவருக்குக்கூட இது தெரியும். தெரியாத ஒரே ஆள் மணவாளன். இருபத்திரண்டு வருஷமாகச் சிதம்பரம் போகிற காலை எட்டு நாற்பது வண்டியை அவர்தான் ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் இது அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அவர் எப்போதும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

இந்த வழக்கம் நல்ல மனசோடுதான் ஆரம்பித்தது. கம்பெனியின் தொடக்க காலத்தில் ஒரு டிரைவர் வண்டியால் ஆளை அடித்துவிட்டார். லைசென்ஸை முடக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பினால் கோர்ட்டில் போய், முதலாளிதான் வேகமாகப் போகச் சொன்னார் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவாரே என்று பயந்து, கேஸ் முடியும்வரை ஆபீஸில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார் முதலாளி. நம் ஊரில் கேஸ் என்றைக்கு முடிந்திருக்கிறது? சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று மேற்பார்வையாளர் என்றார்கள். அடுத்த வருஷம் இன்னொருவர் இரண்டு பேரை அடித்தார். ஒருத்தரை அடித்தவர் மேற்பார்வையாளர் என்றால், இரண்டு பேரை அடித்தவரை அவருக்குக் கீழே உட்கார வைப்பது அநியாயம் இல்லையா? மேலாளர் ஆக்கினார்கள்.

இப்படியே முப்பது வருஷம் போனது. ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் மாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிறவர்கள் எப்படி ஓட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மாடியில் விபத்து என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. அனுபவம் என்பார்கள். ஆட்டை அடித்தவர் செக்கிங் இன்ஸ்பெக்டர். மாட்டை அடித்தவர் டைம் கீப்பர். மனிதவள மேலாளர் செந்தமிழ்செல்வனுக்கு இரண்டு கால், ஒரு கை, ஒரு போண்டா கடை அனுபவம் இருந்தது. எல்லாருக்கும் மேலே பொது மேலாளர் திருநாவுக்கரசு. ஒரு கல்யாண வேனை நேருக்கு நேர் அடித்தவர். அவருக்கு ஆறு உயிர் அனுபவம். அவர் அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

திருநாவுக்கரசு பதவிக்கு வந்ததும் முதல் வேலையாக ஓட்ட நேரத்தைத் திருத்தினார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அதுவரை எண்பது நிமிஷம். அறுபது என்று மாற்றினார். டிப்போவில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து அதற்கு விளக்கமும் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழம என் கார்ல போயிப் பாத்தேன். நாப்பத்தெட்டு நிமிஷத்துல செதம்பரம். எங்கயும் நிக்கல. நீங்க மட்டும் ஏன் நிக்கிறீங்க?"

மணவாளனின் கண்டக்டர் ஹபிபுல்லா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். பஸ் என்றால் ஆள் ஏற வேண்டும், இறங்க வேண்டும், அதற்குத்தான் நிற்கிறோம் என்று மரியாதையாகவே சொன்னார்.

"ஏர்றவங்க ஏறட்டும், எறங்கறவங்க எறங்கட்டும். அதுக்கு வண்டி எதுக்குய்யா நிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, திருநாவுக்கரசு அவர் கன்னத்தில் ஒன்று விட்டார்.

அந்த அறை வீண்போகவில்லை. மறுநாளே அது விதியாக வந்தது. தாமதத்துக்குச் சம்பளத்தில் பிடித்தால் சட்டம் பேசுகிறார்கள், கன்னத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதைச் செந்தமிழ்செல்வன் கண்டுபிடித்திருந்தார். தாமதமாகும் நிமிஷம் ஒன்றுக்கு ஓர் அறை. டிரைவருக்கு இடது கன்னம், கண்டக்டருக்கு வலது கன்னம். பெண் ஊழியர்கள் இல்லாத நிறுவனம் என்பதால் இதில் பாலினப் பாகுபாடும் இல்லை என்று சுற்றறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது.

அன்றிலிருந்து ஸ்டாண்டில் தினமும் ரத்தம்தான். முன்னால் நிற்கும் வேறு கம்பெனி வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் வாயுவேகா கண்டக்டர்கள் இறங்கிப் போய் அடித்தார்கள். அவர்கள் திருப்பி அடித்தார்கள். டிக்கெட் மிஷினால் மண்டையைப் பிளக்கலாம் என்பது அந்தச் சித்திரையில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒரு டிரைவருக்குக் காது கிழிந்தது. இன்னொருவரை வைப்பர் கம்பியால் குத்தினார்கள். கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'வாயுவேகா குடும்பம்' என்று பெயர். தினமும் காலையில் அதில் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் வரும். அதற்குக் கீழேயே யாருக்கு எத்தனை தையல் என்ற விவரமும் வரும்.

மணவாளனுக்கு இந்தச் சண்டையெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. அவருக்கு வேறு கவலை. வலது கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

முதுகுத்தண்டில் எலும்பு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இனி ஓட்டக் கூடாது, உட்கார்ந்த இடத்து வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். திடீர் திடீரென்று முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். அது பிரேக் மிதிக்கிற கால். வண்டியில் அறுபது பேர். ராத்திரி படுத்தால் மணவாளனுக்கு அந்த அறுபது முகமும் வந்து போகும். கடைசி சீட்டில் மீன் கூடையோடு உட்காரும் மாரியம்மாள் முகம் முதலில் வரும்.

மாரியம்மாள் முதுநகர் ஸ்டாப்பில் ஏறிச் சிதம்பரத்தில் மீன் விற்கப் போகிறவள். வேறு எந்த வண்டியும் மீன் கூடையை ஏற்றாது. மணவாளன் மட்டும் ஏற்றுவார். கூட அவள் பெண் ஸ்ரீமதி வருவாள். அண்ணாமலை நகரில் நர்சிங் படிக்கிற பெண். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல், முன்னால் போய் நின்றுகொண்டு வருவாள். மாரியம்மாள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. மணவாளன் வண்டியில் மகள் எங்கே நின்றாலும் கவலையில்லை என்று ஹபிபுல்லாவிடம் சொல்லியிருக்கிறாள். வேறு வண்டி முன்னால் வந்தாலும் இருவரும் ஏற மாட்டார்கள்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு மணவாளன் மாடிக்குப் போனார். டைம் கீப்பர் வேலை கொடுத்தால்கூடப் போதும் என்றார். செந்தமிழ்செல்வன் சீட்டைப் படித்துவிட்டு உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"இருவத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டுட்டு ஒரு கோழியக்கூட அடிக்கலியேங்க நீங்க. எந்தத் தகுதிய வச்சி நான் மேல எழுதறது?"

இருந்தாலும் நல்ல மனிதர். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வருஷாந்திர நேர்காணல் நடக்கிறது, வந்து முயற்சி செய்து பாருங்கள் என்றார்.

மணவாளன் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். மணமக்கள் உட்காரும் மேடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் பட்டை. ஒருவருக்கு ஒரு கண் கண்ணாடி. நடுவில் திருநாவுக்கரசு. மணவாளனுக்கு முன்னால் போனவன் சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகிறது. இரண்டு ஸ்கூட்டரையும் ஒரு வாழைக்காய் வண்டியையும் அடித்திருந்தான். வெளியே வரும்போதே இன்ஸ்பெக்டராகத்தான் வந்தான்.

உங்கள் மிகப் பெரிய இடி எது என்று கேட்டார்கள். மணவாளன் ரொம்ப நேரம் யோசித்தார். அவமானமாக இருந்தது.

"ஒரு தபா ஆலப்பாக்கத்துகிட்ட காக்கா ஒண்ணு முன்கண்ணாடில வந்து மோதுச்சி சார்."

மேடையில் கொஞ்சம் உற்சாகம் வந்தது. காக்காய் உங்களை மோதியதா, நீங்கள் காக்காயை மோதினீர்களா என்று கழுத்துப் பட்டைக்காரர் கேட்டார். காக்காய்தான் மோதியது என்றார் மணவாளன். அப்புறம் என்ன ஆனது என்றார்கள். பறந்துபோய்விட்டது என்றார். கண்ணாடிக் கண்காரர் பேனாவை மூடி வைத்தார்.

திருநாவுக்கரசுதான் முடித்து வைத்துப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க மணவாளன். நிர்வாகம்னா முடிவெடுக்கணும். ரெண்டு செகண்டுல முடிவெடுக்கணும். அந்த வேன் எதுர்ல வந்தப்ப நான் எடுத்தேன். தப்பான முடிவுதான், ஆனா எடுத்தேனில்ல? நீங்க என்னா பண்றீங்க, ஒவ்வொரு வாட்டியும் பிரேக்க மிதிச்சிட்றீங்க. பிரச்சனய சந்திக்கவே மாட்டேங்கிறீங்க."

மண்டபத்தில் சாப்பாடு போட்டார்கள். மணவாளன் சாப்பிடாமல் திரும்பினார்.

வரும் வழியில், கூட வந்திருந்த ஹபிபுல்லா ஒரு யோசனை சொன்னார். "மச்சான், எதுனா சுவத்துல லேசா ஒரு சாத்து சாத்திடு. செவுரு கேஸ் போடாது." மணவாளனும் மூன்று நாள் முயன்று பார்த்தார். பூண்டியாங்குப்பத்தில் ஆளில்லாத மதகுச் சுவராகப் பார்த்து வைத்துக்கொண்டு வண்டியைக் கொண்டுபோவார். கிட்டே போனதும் கை தானாக ஒடித்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, நல்ல பழக்கத்துக்கும் அதுதான் கதி.

ஆனால் காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நாலாம் நாள் புதுச்சத்திரம் தாண்டியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். மணவாளன் பிரேக்கை மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கால் அசையவில்லை. குனிந்து பார்த்தார். கால் அங்கேதான், யாருடைய காலோ மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அவர் செய்ததை ஹபிபுல்லா பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கியரை மூன்று, இரண்டு, ஒன்று என்று உடைத்து இறக்கி, கை பிரேக்கை இழுத்து, நாலுவழிச் சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டில் வண்டியைப் பூனைக்குட்டியைத் தூக்கி வைப்பது போல ஏற்றி நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மாரியம்மாளின் கூடை கவிழ்ந்து நாலு சங்கரா மீன் மணலில் விழுந்தது, அவ்வளவுதான். மணவாளன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். ஸ்ரீமதி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

இனியாவது கொடுப்பார்கள் என்று நினைத்தார் பாவம். செந்தமிழ்செல்வன் சம்பவ இடத்துக்கே பைக்கில் வந்து விசாரணை நடத்தினார். பயணிகளை வரிசையாக நிறுத்தி கை கால்களை மடக்கி நீட்டச் சொன்னார். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருக்காச்சும் ஒரு பல்லாவது போயிருக்கா பாருங்க, நான் எழுதிக்கிறேன்" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஒரு கிழவருக்கு முன்பல் இரண்டு இல்லை. அது எப்போதோ விழுந்தது என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். காயம்: இல்லை. உயிரிழப்பு: இல்லை. தகுதி: இல்லை. தாமதம்: பத்தொன்பது நிமிஷம்.

பத்தொன்பது என்பது பெரிய எண்ணிக்கை. அதனால் பொது மேலாளரே தன் கையால் கொடுக்க டிப்போவுக்கு இறங்கி வந்தார். மோதிரங்களைக் கழற்றிச் செந்தமிழ்செல்வனிடம் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை அவரிடம் உண்டு. எல்லாரும் வட்டமாக நின்றார்கள். மணவாளன் கன்னத்தைக் காட்டினார். ஆறாவது அறையில் உதடு கிழிந்தது. ஒன்பதாவதில் காதுக்குள் ரீங்காரம் கேட்டது. பதினொன்றை அடித்துவிட்டு, "இந்தக் கால வச்சிக்கிட்டு நாளைக்கும் நீதான் வண்டி எடுக்கற" என்றார் திருநாவுக்கரசு.

டயருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை பக்கத்தில் கிடந்தது. மணவாளன் அதை எடுத்ததை யாரும் கவனிக்கவில்லை. அவரே கவனிக்கவில்லை என்று பிறகு சொன்னார். ஒரே அடி. தாடை பெயர்ந்து ஒரு பக்கமாகப் போனது. திருநாவுக்கரசு கிரீஸ் சிந்திய தரையில் விழுந்து, எழ முயன்று, மறுபடி வழுக்கி விழுந்தார். சட்டையெல்லாம் ரத்தம். செந்தமிழ்செல்வன் பதறி ஓடி வந்து தரையில் மண்டியிட்டுத் தேடினார். மூன்று பல் கிடைத்தது. கைக்குட்டையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் நீர் ததும்பியது.

"வாழ்த்துகள் சார்" என்றார் மணவாளனிடம்.

போலீசுக்குப் போக முடியாது. போனால் பொது மேலாளரின் பழைய கேஸ் கட்டு எல்லாம் வெளியே வரும். மணவாளனை நீக்கவும் முடியாது. வெளியே போய்ப் பேசுவார். புதுச்சேரியிலிருந்து முதலாளி ஸ்பீக்கர் போனில் தீர்ப்புச் சொன்னார். பொது மேலாளரையே அடித்து வீழ்த்தியவரைப் பொது மேலாளருக்குக் கீழே வைப்பது கம்பெனி மரபுக்கு விரோதம். ஆகவே மணவாளன்தான் இனி பொது மேலாளர். திருநாவுக்கரசுக்குத் தாடையில் கம்பி போட்டிருப்பதால் ஆறு மாசம் வாய் திறந்து பேச முடியாது, அதுவே இயக்குநராவதற்குப் போதுமான தகுதி.

மணவாளன் வேண்டாமென்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அதற்குள் அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பஞ்சு மெத்தை. கால் நீட்ட இடம். ஐந்து நிமிஷத்தில் வலது பாதத்தில் உணர்ச்சி திரும்பி வந்தது, விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை. இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலி அப்படி.

மறுநாள் எட்டு நாற்பது வண்டியை அருண்பாண்டியன் எடுத்தான். இருபத்தைந்து வயசு. ஓட்டத் தெரிந்த பையன்தான், ரோடு பழக இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்.

மணவாளன் முதல் வேலையாகப் பழைய எண்பது நிமிஷத்தையே திரும்பப் போடச் சொல்லி உத்தரவு எழுதினார். ரொம்ப நாள் மனசில் வைத்திருந்தது. எழுதவே அரை நாள் ஆயிற்று. கையெழுத்துப் போடுவதற்குள் முதலாளி போன் செய்தார். பக்கத்துக் கம்பெனிக்காரன் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் போகிறானாமே, நாம் எண்பதா என்றார். ஜனங்களுக்கு ஆபத்து என்றார் மணவாளன். முதலாளி சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"மாடிக்கு வந்துட்டும் இன்னும் டிரைவராவே யோசிக்கிறீங்களே மணவாளன். சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒங்க கால் நல்லா இருந்தா, நீங்க ஓட்டுனா, அம்பத்தஞ்சு நிமிஷத்துல பத்தரமாப் போயிடுவீங்கதானே?"

மணவாளன் கண்ணை மூடி ரோட்டை ஓட்டிப் பார்த்தார். எந்த வளைவில் எவ்வளவு, எங்கே முந்தலாம், எங்கே முந்தக் கூடாது, எந்த ஊரில் மாடு குறுக்கே வரும், எல்லாம் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவருடைய தொழிலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது முதலாளியே கேட்கிறார். நெஞ்சு நிமிர்ந்தது.

"போயிடுவேன் சார்" என்றார்.

"அப்பப் போட்டுருங்க" என்றார் முதலாளி.

செந்தமிழ்செல்வன் தயாராக வைத்திருந்த தாளில் ஐம்பத்தைந்து என்று இருந்தது. மணவாளன் கையெழுத்துப் போட்டார். அறைகிற விதியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அது முடியாது, ஆனால் நீங்கள் புதியவர் என்பதால் இரண்டு நிமிஷத்துக்கு ஓர் அறை என்று சலுகை தரலாம் என்றார் செந்தமிழ்செல்வன். மணவாளன் தன்னால் ஒரு நல்ல காரியம் நடந்ததாக நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் ஹபிபுல்லா மாடிக்கு வந்தார். வலது கன்னம் வீங்கியிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்தபோது மணவாளனுக்கு என்னவோ போலிருந்தது.

"பையனால முடியல மச்சான். ஒன்ன மாரி ஓட்டணும்னு பாக்கறான். பெரியப்பட்டு வளைவுல கண்ண மூடிக்கிறேன் நானு. பழைய டைம் குடுத்துரு."

பழகிவிடும், நானும் ஒரு காலத்தில் புதியவன்தானே என்றார் மணவாளன். ஒரு வாரம் பார்ப்போம் என்றார். பேசிக்கொண்டே இருக்கையில் வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஹபிபுல்லா வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பதினோராம் நாள் காலையில் பெரியப்பட்டு வளைவில், முன்னால் போன பஸ்ஸை முந்தப் போன எட்டு நாற்பது வண்டி, எதிரே வந்த டிப்பர் லாரியில் மோதியது. முன்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. நாலு பேர் செத்தார்கள். ஹபிபுல்லாவுக்கு இரண்டு காலும் போனது. முன்னால் நின்று வந்த ஸ்ரீமதியைத் தகரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். கடைசி சீட்டில் இருந்த மாரியம்மாளுக்கு ஒரு காயமும் இல்லை.

அருண்பாண்டியன் ஓடிப் போகவில்லை. ரத்தம் வழிய ஸ்டேஷனுக்கு நடந்தே போய், நான்தான் அடித்தேன், ஐம்பத்தைந்து நிமிஷத்தில் போகச் சொன்னார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தான். கிளை மேலாளர் பதவிக்கான கடிதத்தோடு செந்தமிழ்செல்வன் போய்ப் பார்த்தபோது, அவர் முகத்திலேயே காறித் துப்பினான். கம்பெனி வரலாற்றில் பதவி உயர்வை மறுத்த முதல் ஆள் அவன்தான். மனநிலை சரியில்லை என்று கோப்பில் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சாவு வீட்டுக்காரர்கள் ஆபீஸுக்குத் திரண்டு வந்தார்கள். கல் வந்தது. கண்ணாடி எல்லாம் நொறுங்கியது. டைம் கீப்பர்களும் இன்ஸ்பெக்டர்களும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார்கள். அதிலும் ஒருவர் இன்னொருவர் மேல் விழுந்து கையை முறித்தார். மணவாளன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கதவை உடைத்து முதலில் உள்ளே வந்தது மாரியம்மாள்.

அவளுக்கு அவரைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை. "நீ இங்க என்னா பண்ற?" என்றாள். அவர்தான் பொது மேலாளர் என்று யாரோ சொன்னார்கள். நேரத்தைக் குறைத்த உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான் என்று இன்னொருவர் சொன்னார்.

"ஒன் வண்டின்னுதானய்யா ஏறுனோம்" என்றாள் மாரியம்மாள். "நீ ஏதோ லீவுல போயிக்கிற, வந்துடுவன்னு சொல்லி சொல்லித்தான் தெனமும் ஏறுனா எம்பொண்ணு."

மேசையின் மேல் வேகத்துக்காக முதலாளி கொடுத்த பித்தளைக் கேடயம் இருந்தது. அதை எடுத்து அவர் வாயிலேயே அடித்தாள். மறுபடி அடித்தாள். மணவாளன் கையைத் தூக்கவில்லை. நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். மூன்றாவது அடியில் கேடயம் வளைந்துவிட்டது. அதை அவர் மேலேயே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அரசு ஆஸ்பத்திரியில் மணவாளனுக்கு ஹபிபுல்லாவுக்குப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது. ஹபிபுல்லா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் இல்லாமல் திரும்பிப் படுக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அதை மணவாளன் பார்த்துக்கொண்டேயிருந்தார். சாயங்காலம் செந்தமிழ்செல்வன் பழங்களோடு வந்தார். நாலு உயிரும் உங்கள் கையெழுத்தில் போனதால் இயக்குநர் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று காதருகே குனிந்து சொன்னார். மணவாளன் அந்தப் பழப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மாரியம்மாள் வந்தாள். மணவாளன் எழுந்து உட்காரப் பார்த்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார், அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். அவள் மடியிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள்.

"கம்பெனி ஆளு வந்து குடுத்துட்டுப் போனான். படிச்சி சொல்ற ஆளு எனக்கு இல்ல இப்ப. நீதான் படிக்கணும்."

மணவாளன் பிரித்தார். முன்பல் இல்லாததால் காற்றுதான் அதிகம் வந்தது. நிறுத்தி நிறுத்திப் படித்தார். மதிப்பிற்குரிய திருமதி மாரியம்மாள் அவர்கள், பொது மேலாளரின் நான்கு பற்களை அகற்றியதன் மூலமும், முன்னாள் பொது மேலாளரின் விஷயத்தில் பின்பற்றப்பட்ட நடைமுறையின்படியும், நிறுவனத்தின் பொது மேலாளர் பதவிக்கு ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மகளை இழந்த துயரமும் அவருடைய அனுபவமாகக் கணக்கில் கொள்ளப்பட்டது.

கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தார். பிறகு அதையும் படித்தார்.

மாரியம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன வேலை என்று கேட்டாள். கையெழுத்துப் போடுவதுதான் என்றார் மணவாளன். எனக்குக் கைநாட்டுதான் என்றாள். அதுவும் செல்லும் என்றார்.

"வண்டியெல்லாம் நிறுத்துங்கடான்னு சொன்னா நிறுத்துவானுங்களா?"

பக்கத்துக் கட்டிலில் ஹபிபுல்லா அசைந்தார். மணவாளன் கடிதத்தை மடியில் வைத்து, மடிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நிறுத்தித்தான் ஆவணும்க்கா. ஒரு கையெழுத்து போதும்" என்றார். "பதினோரு நாளு எங்கிட்ட இருந்துச்சி."

அவள் அவரைத் திட்டவில்லை. கடிதத்தை வாங்கி நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மை அங்கயே வச்சிருப்பாங்களா, நான் வாங்கிட்டுப் போவணுமா?"

"இருக்கும்க்கா. மேசையில வலது பக்கம்."

மாரியம்மாள் படியிறங்கிப் போனாள்.